லத்தீன் விற்ற கதை

போன மே மாதம் ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு வேலைகள் வந்தன. டெக்சாஸில் இருக்கும் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்காக, பிள்ளைகள் ஏன் லத்தீன் படிக்க வேண்டும் என்று எட்டுப் பக்கத்தில் ஒரு புரோஷர் எழுத வேண்டும். இது சம்பளத்துக்கு. பத்தாவது முடித்திருந்த அக்கா மகளை, ப்ளஸ் ஒன்னில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுக்கச் சம்மதிக்க வைக்க வேண்டும். இது அக்காவுக்கு.

“நீ எடுத்தவதானே, நீ சொன்னா கேப்பா,” என்றாள் அக்கா.

என் ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில். லேத் பட்டறைகளுக்கு நடுவே முளைத்த கண்ணாடிக் கட்டடங்களில் ஒன்றில் நான்காவது மாடி. மதியம் மூன்று மணிக்கு உள்ளே போனால் நள்ளிரவில் கேப் வீட்டில் விடும். அமெரிக்காவில் உள்ள பல் டாக்டர்கள், வக்கீல்கள், ரூஃபிங் கான்ட்ராக்டர்கள், சர்ச்சுகள், இவர்களுக்கெல்லாம் நாங்கள் எழுதிக் கொடுப்போம். அந்த ஊர்களை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஹூஸ்டனில் ஆலங்கட்டி மழை பெய்தால் கூரை ஓடு எப்படி உடையும் என்று என்னால் தூக்கத்தில்கூடச் சொல்ல முடியும். லத்தீன் மட்டும் எனக்குப் புதுசு.

‘கிளாசிக்கல் கிறிஸ்டியன்’ பள்ளிகள் என்று ஒரு வகை அங்கே இருப்பதே அந்த பிரீஃப் வந்த பிறகுதான் தெரிந்தது. டோரதி சேயர்ஸ் என்று ஓர் எழுத்தாளர், லார்ட் பீட்டர் விம்சி துப்பறியும் நாவல்களை எழுதியவர், 1947இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் உரை நிகழ்த்தினார். பிள்ளைகளுக்குப் பாடங்களைக் கற்றுத்தருகிறோம், கற்பது எப்படி என்று கற்றுத்தருவதில்லை; ஐரோப்பாவின் பழைய முறைப்படி முதலில் இலக்கணம், பிறகு தர்க்கம், பிறகு சொல்வன்மை என்று போக வேண்டும் என்பது அவர் கட்சி. இலக்கணத்துக்கு அவர் கைகாட்டிய மொழி லத்தீன். கொஞ்சம் லத்தீன் தெரிந்தால் மற்ற எந்தப் பாடத்தையும் படிக்கும் உழைப்பு பாதியாவது குறையும் என்று அடித்துச் சொன்னார். முப்பது வருஷத்துக்குப் பிறகு அமெரிக்காவில் சிலர் அந்த உரையைத் தேடி எடுத்தார்கள். ஐடஹோ மாநிலத்தில் மாஸ்கோ என்றே பெயர் கொண்ட ஓர் ஊரில் 1981இல் லோகோஸ் பள்ளி தொடங்கியது. அதைப் பார்த்து நாடு முழுக்க அந்த மாதிரிப் பள்ளிகள் வந்தன. எங்கள் க்ளையன்ட் அதில் ஒன்று, சின்னது.

அவர்களுடைய பிரச்சினை ஒரே ஒரு கேள்விதான். சேர்க்கைக்கு வரும் பெற்றோர் எல்லாரும் அதைக் கேட்கிறார்களாம்: “ஏன் ஸ்பானிஷ் இல்லை?” டெக்சாஸில் இது நியாயமான கேள்வி. பக்கத்து வீட்டில், கடையில், ஆஸ்பத்திரியில், எங்கே போனாலும் ஸ்பானிஷ். செத்த மொழிக்குக் காசு கட்டச் சொன்னால் யாருக்குமே கசக்கத்தான் செய்யும்.

“பக்தி பத்தி முதல் மூணு பக்கம் அவங்களே எழுதிட்டாங்க,” என்றார் டீம் லீட். “மிச்சத்துல நமக்கு வேண்டியது ரிசல்ட். பேரன்ட்ஸுக்கு என்ன கிடைக்கும், அவ்ளோதான்.”

அரை மணி நேரத்தில் எழுதிவிட்டேன். லத்தீன் படித்தவர்கள் எஸ்ஏடி தேர்வில் அதிக மார்க் எடுக்கிறார்கள். ஆங்கிலச் சொற்களில் பாதிக்கு மேல் நேராகவோ பிரெஞ்சு வழியாகவோ லத்தீனிலிருந்து வந்தவை. டாக்டருக்கும் வக்கீலுக்கும் உதவும். பிறகு ஸ்பானிஷ் கற்பது சுலபம். படித்துப் பார்த்தபோது எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. சிடிஎச் ரோட்டில் பாடியிலிருந்து ஆவடி வரைக்கும் மே மாதத்தில் தொங்கும் ஃப்ளெக்ஸ்கள்தான். ரோபோடிக்ஸ், அபாகஸ், ஐஐடி ஃபவுண்டேஷன் என்று வரிசையாக இருக்குமே, அந்த வரிசையில் லத்தீனையும் சொருகியிருந்தேன்.

எழுதியதைச் சரிபார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. 1924இல் எட்வர்ட் தார்ண்டைக் என்ற உளவியலாளர் ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்களைச் சோதித்திருக்கிறார். லத்தீன், கணிதம் மாதிரிப் பாடங்கள் மூளையைத் தனியாகக் கூர்மையாக்குகின்றனவா என்பது கேள்வி. அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. ஏற்கெனவே கூர்மையாக இருந்தவர்கள் எந்தப் பாடம் எடுத்தாலும் நன்றாக முன்னேறினார்கள், அந்தப் பிள்ளைகள்தான் லத்தீனும் எடுத்தார்கள். எஸ்ஏடி மார்க்கின் ரகசியமும் பெரும்பாலும் இதுதான். அடுத்தது இன்னும் மோசம். லுட்விக் ஹாக், எல்ஸ்பெத் ஷ்டெர்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியில் லத்தீன் படித்த ஜெர்மன் மாணவர்களையும் பிரெஞ்சு படித்தவர்களையும் ஸ்பானிஷ் வகுப்பில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். பிரெஞ்சு படித்தவர்கள்தான் ஸ்பானிஷை நன்றாகக் கற்றார்கள்.

அந்த இடத்தில் லேப்டாப்பை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். பிரெஞ்சு ஜெயித்ததில் எனக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது.

2004 அக்டோபரில் மத்திய அரசு தமிழைச் செம்மொழி என்று அறிவித்தபோது நான் பத்தாவது. பள்ளியில் மிட்டாய் கொடுத்தார்கள். நான் பேச்சுப் போட்டியில் அதைப் பற்றிப் பேசி இரண்டாம் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் வாங்கினேன். பெர்க்லியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் ஹார்ட் 2000இல் எழுதிய கடிதம்தான் எனக்கு எழுதிக் கொடுத்த பேச்சில் பாதி. லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் எல்லாம் படித்தவன் என்ற தகுதியோடு அவர் தமிழுக்காக வாதாடியிருந்தார். லத்தீன் என்ற வார்த்தையை நான் மேடையில் சொன்னது அன்றைக்குத்தான். எட்டு மாதம் கழித்து, 2005 ஜூனில், ப்ளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுத்தேன்.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தமிழில் இருநூறுக்கு நூற்று எழுபது வாங்கவே கை ஒடிய எழுத வேண்டும். பிரெஞ்சில் சின்னப் புத்தகம், மனப்பாடம் செய்தால் நூற்றுத் தொண்ணூறு நிச்சயம். ஆயிரத்து இருநூறு மொத்த மார்க்கில் இருபது கூடும். தமிழ் மிஸ்ஸிடம் கையெழுத்து வாங்கப் போனேன். அவர் பாரத்தை வாங்கி, மேசைமேல் வைத்து நேராக்கி, கையெழுத்துப் போட்டு, “மார்க் வரும் மா, போ,” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு 192 வந்தது. இன்றைக்கு பிரெஞ்சில் என் பெயர், ஊர், மணி என்ன, இவ்வளவுதான் சொல்ல முடியும்.

அந்த வருஷம் பெரியப்பா மட்டும் ஒரு கேள்வி கேட்டார். “பிரெஞ்சுல என்ன மா படிக்கப் போற?”

“மார்க் வரும் பெரிப்பா.”

“அது சரி. படிக்கிறது என்னன்னு கேட்டேன்.”

அந்தப் பெரியப்பாவைப் பார்க்கத்தான் ஞாயிற்றுக்கிழமை பருத்திப்பட்டுக்குப் போனேன். அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியில் பிரெஞ்சைப் பற்றி அவளிடம் பேசிவிடலாம் என்று திட்டம். திருமுல்லைவாயிலிலிருந்து ஆட்டோவில் அரை மணி நேரம், பேசவில்லை. அவள் இயர்போனில் இருந்தாள் என்பதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன்.

பெரியப்பாவுக்கு 81 வயது. எங்கள் வீட்டில் லத்தீன் தெரிந்த ஒரே ஆள். 1961இல் பூந்தமல்லி குருமடத்தில் சேர்ந்தவர். லூயி மத்தியாஸ் மெட்ராஸ் பேராயராக வந்த மறுவருஷம், 1936இல் தொடங்கிய திரு இருதய குருமடம் அது. இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பெரியம்மா பெரியப்பாவின் முகத்தைப் பார்ப்பாராம். 1966இல், குருப்பட்டத்துக்கு முன்பே வெளியே வந்துவிட்டார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார். பிறகு ஆவடி டாங்க் ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் கிளார்க். விஜயந்தா டாங்க் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது. ரிட்டயர் ஆகும்வரை அங்கேதான்.

விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். “லத்தீனுக்கு விளம்பரமா? எங்க காலத்துல போப்பே போட்டாரு.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1962 பிப்ரவரி 22இல் போப் இருபத்து மூன்றாம் யோவான் ஓர் ஆவணத்தில் கையெழுத்துப் போட்டார். குருமடங்களில் முக்கியப் பாடங்களை லத்தீனிலேயே நடத்த வேண்டும் என்று அதில் உத்தரவு. காரணங்களும் உண்டு: எல்லா நாட்டுக்கும் பொதுவானது, மாறாதது, எந்த இனத்தின் பேச்சுமொழியும் இல்லை என்பதால் யாருக்கும் பொறாமை வராது. செத்துப்போனதையே தகுதியாகச் சொன்ன விளம்பரம். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. 1963 டிசம்பரில் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. கொஞ்ச காலத்தில் பூசை தமிழுக்கு வந்தது.

“கஷ்டமா இருந்துச்சா பெரிப்பா?”

“எனக்கு இருந்துச்சு. எங்க ஆயாவுக்கு இல்ல.”

அவருடைய ஆயா செங்கல்பட்டுப் பக்கம் கிராமத்தில் ஐம்பது அறுபது வருஷம் பூசை பார்த்தவர். சாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு முணுமுணுப்பார், இவர் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார், மணி அடித்தால் முழங்கால் போடுவார். முதல் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்து, “இதத்தானாடா இத்தன வருசமா சொல்லிக்கினு இருந்தாரு? மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல,” என்று கேட்டாராம். பெரியப்பா அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அத எழுது. லத்தீன் எங்க ஆயாவுக்கு ஒரு சுவரு. அத மறைச்சிட்டு அது நல்லது இது நல்லதுன்னு எழுதாத,” என்றார்.

டெக்சாஸ் பள்ளி ப்ராட்டஸ்டன்ட், ஆயா கதை அங்கே எடுபடாது என்று சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

“அப்போ என்னதான் தாத்தா யூஸ்?” என்றாள் அக்கா மகள். இயர்போனை எப்போது கழற்றினாள் என்று தெரியவில்லை.

அவர் பதில் சொல்லாமல் பிரஷர் மாத்திரை வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து மூன்று துண்டாக்கினார். நடுங்கும் கையால் ஒவ்வொன்றிலும் ஒரு வார்த்தை எழுதினார். அக்ரிகொலா, ஃபீலியம், அமத். விவசாயி, மகளை, நேசிக்கிறான். “கலைச்சுப் போடு,” என்றார்.

அவள் கலைத்தாள். மகளை விவசாயி நேசிக்கிறான். இன்னொரு தரம். நேசிக்கிறான் மகளை விவசாயி. ஆறு விதமாக அடுக்கலாம், ஆறிலும் அர்த்தம் ஒன்றுதான். “இதையே இங்கிலீஷ்ல பண்ணிப் பாரு.” பண்ணினாள். ஆங்கிலத்தில் இரண்டு பெயரை இடம் மாற்றினால் மகள் அப்பனை நேசிக்க ஆரம்பித்துவிடுகிறாள். மற்றபடி அடுக்கினால் வாக்கியமே நிற்கவில்லை. பெரியப்பா பேனாவை எடுத்து ஃபீலியம் கடைசியில் இருந்த எம்மை அடித்தார். அதை அக்ரிகொலா கடைசியில் சேர்த்தார். “இப்போ?”

“மகள் விவசாயியை.”

“ஒரு எழுத்து. யாரு யார நேசிக்கிறாங்கிறது அந்த ஒரு எம்முலதான் இருக்கு. வார்த்தையோட கடைசி வரைக்கும் கண்ண எடுக்காம படிக்கணும். வாக்கியம் முடியிற வரைக்கும் முடிவு பண்ணக் கூடாது. அஞ்சு வருசம் இதத்தான் படிச்சேன். சாமியாராவல. ஆனா ஸ்டோர்ஸுல பார்ட் நம்பர்ல கடைசி எழுத்து மாறினா இடது பக்கத்து பாகம் வலது பக்கத்துக்குப் போயிடும். என் லெட்ஜர்ல ஒண்ணுகூட மாறினதில்ல.”

அவள் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தாத்தா, இது தமிழ் மாதிரியேதானே இருக்கு? மகள், மகளை. அந்த ‘ஐ’தான் எம்.”

“அதேதான். அவங்களுக்கு வேற்றுமை ஆறு, நமக்கு எட்டு.”

“ஆனா அமத்ல ஆணா பொண்ணான்னு தெரியல. நம்மளுதுல நேசிக்கிறான், நேசிக்கிறாள்னு தெரியுதே.”

பெரியப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். குருமடத்தில் ஐந்து வருஷத்தில் தனக்கு இது தோன்றவே இல்லை என்றார்.

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தமிழ் இலக்கணத்தை எழுதி 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் அச்சிட்டது லத்தீனில். வீரமாமுனிவர் நம் பேச்சுத் தமிழுக்கு எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானதும் லத்தீனில். குறளில் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் லத்தீனுக்குக் கொண்டுபோனார், மூன்றாம் பாலைத் தொடவில்லை. “சாமியாரு இல்ல, அதான்,” என்று பெரியம்மா உள்ளேயிருந்து சொன்னார். அந்த மனிதர்கள் தமிழைப் பிடித்த கைப்பிடி லத்தீன் வேற்றுமைகள்தான். கடைசி எழுத்தைக் கவனித்துப் பழகியவர்களுக்குத் தமிழ் சீக்கிரம் புரிந்திருக்கும் என்பது பெரியப்பாவின் எண்ணம். எனக்கும் அது சரி என்றே படுகிறது.

திரும்பும்போது ஆட்டோவில் அவளிடம் பேசினேன். அக்கா சொல்லச் சொன்னதையும் சொன்னேன்: பிரெஞ்சில் மார்க் வரும், நான் வாங்கினேன், பொய் இல்லை. என்னிடம் இன்றைக்கு மிச்சம் இருப்பது மூன்று வாக்கியம் என்பதையும் சொன்னேன். தமிழ் மிஸ் பாரத்தை நேராக்கி வைத்ததைச் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

“சித்தி, நான் ஆல்ரெடி தமிழ்தான்,” என்றாள். “பிரெஞ்சு கிளாஸ் காலைல ஏழரைக்கு வெக்கிறாங்க. யாரு போவா?”

அக்கா ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

ஆபீஸில் புரோஷரை மறுபடி எழுதினேன். எஸ்ஏடியை எடுத்துவிட்டேன், ஸ்பானிஷ் சுலபம் என்பதையும் எடுத்துவிட்டேன். “உங்கள் பிள்ளை ஸ்பானிஷ் பேச வேண்டும் என்றால் ஸ்பானிஷ் படிக்கட்டும், அதற்கு லத்தீன் குறுக்குவழி இல்லை” என்று தெளிவாகவே எழுதினேன். நான்காம் பக்கத்தில் மூன்று சதுரங்கள், வெட்டி எடுக்கப் புள்ளிக்கோடு, உள்ளே மூன்று வார்த்தைகள். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து கலைத்துப் பார்க்கட்டும் என்று கீழே ஒரு வரி. இதில் ஒரு மாதிரியான வருத்தமும் இருந்தது. டெக்சாஸில் ஒரு குழந்தை காசு கட்டி, வாரம் ஐந்து பீரியட் உட்கார்ந்து கற்றுக்கொள்ளப்போகிற அந்த ஒன்று, ஆவடியில் பால் வாங்கப் போகிற பிள்ளையின் வாயில் சும்மா இருக்கிறது. அதை இருபது மார்க்குக்கு விட்டுக்கொடுத்தவள் உட்கார்ந்து அவர்களுக்கு எழுதுகிறேன்.

டீம் லீட் படித்துவிட்டு, “ஸ்பானிஷ் கத்துக்கோங்கன்னு நாமளே சொல்றோமா?” என்றார்.

“அவங்க கேக்கிற கேள்வி அதானே. ஒளிச்சா தெரிஞ்சிடும்.”

“எஸ்ஏடி?”

தார்ண்டைக்கைப் பற்றிச் சொன்னேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். ஆனாலும் அப்படியே அனுப்பினார், அந்த நன்றி அவருக்கு எப்போதும் உண்டு. டெக்சாஸிலிருந்து மூன்றாம் நாள் பதில் வந்தது. நான்காம் பக்கம் பிரமாதம், ஸ்பானிஷ் வரி இருக்கட்டும், எஸ்ஏடியைத் திரும்பச் சேர்த்து அட்டையிலேயே போடுங்கள். போட்டோம். நான்தான் டைப் செய்தேன்.

டிசைன் முடிந்து வந்த ப்ரூஃபை பிரிண்ட் எடுத்து பருத்திப்பட்டுக்குக் கொண்டுபோனேன். பெரியப்பா பூதக்கண்ணாடியை வைத்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். நான்காம் பக்கத்தில் நின்றுவிட்டார். விரலை வைத்துக் காட்டினார். சதுரத்துக்குள் அடங்கவில்லை என்று டிசைனர் எழுத்தைப் பெரிசாக்கும்போது ஃபீலியம் கடைசியில் இருந்த எம் வெட்டுப்பட்டிருந்தது. விவசாயி இருக்கிறான், மகள் இருக்கிறாள், நேசிப்பு இருக்கிறது, யார் யாரை என்பது இல்லை. நான் பார்க்கவில்லை, டீம் லீட் பார்க்கவில்லை, டெக்சாஸில் ஓகே சொன்னவர்களும் பார்க்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்து போனில் மெயில் போட்டேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிற ஃபைல் அது. அதற்குப் பிறகு நான் எந்த வேலையாகக் கூப்பிட்டாலும் பெரியப்பா முதலில் கேட்பது ஒன்றுதான்.

“அந்த எம்ம போட்டாங்களா மா?”